வட்டமாகத் துடைக்கக் கூடாது

கருப்புக் கார் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வெள்ளை இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, இப்போது மண் நிறத்தில்கூட வருகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, தூசி பறக்கிற ஊரில், உப்புத் தண்ணீர் வருகிற ஊரில் ஒருவர் கருப்பைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அவரும் நிம்மதியாக இருக்கப்போவதில்லை, பக்கத்தில் இருப்பவர்களையும் இருக்க விடப்போவதில்லை. சும்மா சொல்லவில்லை. ஆம்பூரில் மூன்று வருடம் ஒரு கருப்புக் காருக்கு மேல்மாடியில் குடியிருந்தவள் நான்.

கார் எங்களுடையது அல்ல. கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனருடையது. தெருவில் எல்லோரும் அவரை ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள். உருதுவில் அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவுக்கு இன்சார்ஜ். கணவர் மஸ்கட்டில் வேலையாக இருந்தார். அவர் வீடியோ காலில் வரும்போதெல்லாம் ஆபா தன் முகத்தைக் காட்டியதைவிடக் காரைக் காட்டியதுதான் அதிகம். "இங்க பாருங்க, கதவுல உங்க மூஞ்சி தெரியுதா?" என்று போனைக் கார்க் கதவுக்கு எதிரே பிடிப்பார். மஸ்கட்டில் இருந்து அந்த மனிதரும் பொறுமையாக, "தெரியுது, தெரியுது" என்பார்.

வீடு பார்க்கப் போன அன்று நான் பயந்துகொண்டேதான் போனேன். என் மகள் தாரிணிக்கு அப்போது ஒன்றரை வயது. குழந்தை சுவரில் கிறுக்குமா, ராத்திரியில் அழுமா, ஆணி அடிப்பீர்களா என்றெல்லாம் கேட்பார்கள் என்று ஆட்டோவிலேயே பதில்களைத் தயார் செய்துவைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மிதியடி, பாய் எல்லாம் எந்தப் பக்கம் உதறுவீங்க?"

எனக்குப் புரியவில்லை. என் கணவர் முந்திக்கொண்டு, "எந்தப் பக்கம் வேணும்னாலும் உதறுவோங்க" என்றார்.

"எந்தப் பக்கம் வேணும்னாலும் இல்ல தம்பி. பின்பக்கம். முன்பக்கம் காரு நிக்குது."

வெளியே வந்ததும் என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதமாக அலைந்து கிடைத்த வீடு. குழந்தையை விடப்போகிற பள்ளி இரண்டு தெரு தள்ளி இருந்தது. இவரிடம் கெட்ட பெயர் எடுத்துவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவுதான் பிறகு என்னைச் சொல்லக் கூசுகிற ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது நல்ல முடிவாகத்தான் தெரிந்தது.

ஆபா ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரைக் கழுவுவார். வாரத்தில் நான் கொஞ்சம் அதிகம் தூங்கலாம் என்று நினைக்கிற ஒரே நாள் அது. ஆறு மணி ஏன் என்றால், வெயில் பட்டுச் சூடான தகரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாதாம்; தண்ணீர் அங்கேயே காய்ந்து வெள்ளைப் பொட்டாக நின்றுவிடுமாம். புறங்கையால் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நாம் பார்க்கிற மாதிரி. குளிர்ந்திருந்தால்தான் வேலை தொடங்கும்.

முதலில் வெறும் தண்ணீர். துணியைத் தொடவே மாட்டார். மேலிருந்து கீழாக ஊற்றி, தூசியெல்லாம் தானாகக் கீழே இறங்கும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பூவில் நனைத்து ஒரு இழுப்பு, உடனே வெறும் தண்ணீரில் அலசல், மறுபடி ஷாம்பூ. எல்லாம் நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்கவே கூடாது. துணி கீழே விழுந்தால் அந்தத் துணிக்கு அன்றைக்கு விடுமுறை. டயருக்கு வேறு துணி, வேறு வாளி. கடைசியில் ஒரு மெத்தென்ற துண்டைப் போட்டு ஒற்றி எடுப்பார், தேய்க்க மாட்டார். மொத்தம் இரண்டரை மணி நேரம். என் பிரசவமே அவ்வளவு நேரம் ஆகவில்லை என்று ஒருநாள் கணவரிடம் சொன்னேன். அது பொய். ஆனால் எரிச்சலில் சொன்னேன்.

இதெல்லாம் அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. போகவில்லை. முதல் கோடையில் மேலே ஏறி வந்தார்.

"உங்க ஏசி தண்ணி எங்க போவுது?"

"பைப்புல கீழ போவுது ஆபா."

"வீணாக்காத. பக்கெட்டுல புடிச்சு வையி. ஞாயித்துக்கெழமை எனக்கு வேணும்."

ஆம்பூர் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. கழுவின காரில் அந்தத் தண்ணீர் காய்ந்தால் கருப்பின் மேல் சுண்ணாம்பு தெளித்த மாதிரி ஆகிவிடும். ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இல்லை. அதனால் கடைசி அலசலுக்கு அதுதான் வேண்டும். நியாயம்தான். ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வாரம் முழுக்க ஒரு வாளித் தண்ணீரைத் தேக்கி வைப்பது எப்படி?

"கொசு வரும் ஆபா. டெங்கு, அது இதுன்னு சொல்றாங்க."

"மூடி போட்டு வையி. நான் இன்னா குடிக்கவா கேக்கறேன்?"

மூடி போட்டு வைத்தேன். தினமும் காலையில் மூடியைத் திறந்து புழு இருக்கிறதா என்று பார்த்தேன். மூடியைத் திறப்பதால்தான் கொசு உள்ளே போகுமோ என்று பயந்து, பார்ப்பதை நிறுத்தினேன். பிறகு பார்க்காமல் இருப்பது தப்போ என்று மறுபடி பார்த்தேன். குளிர்காலத்தில் ஏசி ஓடாது. அப்போது ஆபா குடிதண்ணீர்க் கேன் ஒன்றை வாங்கிக் காரின் தலையில் ஊற்றுவார். நாங்கள் குடிக்கிற அதே கேன் தண்ணீர். தெருவே பார்த்துப் பேசும். அவருக்கு அது காதில் விழாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். தாரிணிக்கு இரண்டரை வயதில் விடாத காய்ச்சல். என் கணவர் வேலை விஷயமாகச் சென்னை போயிருந்தார். நான் மாடிப்படியில் நின்று போனில் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தேன். ஆபா சாவியோடு வெளியே வந்தார். "ஏறு" என்றார். அவ்வளவுதான். வேலூர் வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போனார். குழந்தை வழியில் இரண்டு முறை அவருடைய சீட்டில் வாந்தி எடுத்தாள். நான் பதறிப்போய் என் துப்பட்டாவால் துடைக்கப் போனேன். "உடு, உள்ள இருக்கறது வெறும் சீட்டு" என்றார். மருத்துவமனையில் நான்கு மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார். அன்று அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

திரும்பி வரும்போது பெட்ரோல் போட நிறுத்தினோம். பங்க்கில் இருந்த ஆள் நல்ல மனதோடு ஒரு காய்ந்த துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைத்தார். அப்படியே பானட்டுக்கும் வந்தார். என் மடியில் குழந்தை அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள்.

"கை வெக்காத!"

அந்தக் கத்தலில் குழந்தை எழுந்து வீறிட்டாள். அந்த ஆள் திருடனைப் போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆபா இறங்கிப்போய், காய்ந்த தூசியின் மேல் காய்ந்த துணியைத் தேய்த்தால் அது உப்புத்தாள் போட்ட மாதிரிதான் என்று கால் மணி நேரம் அவருக்கு விளக்கினார். பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன. கும்பிட நினைத்த கையால் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அவருடைய கண் அப்படி. கம்பெனியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான ஜோடி அவர் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகும். குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர்த் தாள் அவர் கைப்பையிலேயே இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். போனபிறகு பார்த்தால் ஒழுகுகிற குழாய்க்குப் பக்கத்தில் ஒரு அம்பு இருக்கும். கதவு இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்த மூலையில் ஒரு அம்பு. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருக்கும். மகளின் முகத்தை அவர் உற்றுப் பார்த்தால்கூட, எங்காவது அம்பு ஒட்டிவிடுவாரோ என்று மனம் அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் கேட்டேன். "லைன்ல யாராவது தப்புப் பண்ணா எப்படி ஆபா கண்டுபுடிப்பீங்க?"

"யாருன்னு கண்டுபுடிக்கவே மாட்டேன்."

"அப்புறம்?"

"யாருன்னு கேட்டா எல்லாம் பொய் சொல்லும்மா. நாப்பது பேரும் ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாக்கும். எப்படி ஆச்சுன்னு கேட்டா சொல்லிடுவாங்க. எப்படின்னு தெரிஞ்சா போதும், நாளைக்கு ஆவாது. யாருன்னு தெரிஞ்சு நான் இன்னா பண்றது? கல்யாணமா பண்ணி வெக்கப்போறேன்?"

நான் சிரித்தேன். நல்ல கொள்கை என்றுகூட நினைத்தேன்.

தாரிணிக்கு மட்டும் அவரிடம் பயமே இல்லை. நான்கு வயதில், ஞாயிறு காலை என்னை எழுப்பாமல், தானே தன் பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவாள். ஆபா அவளுக்கு ஒரு டயரை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். "இது உன்னுது. வேற எங்கயும் கை வெக்கக் கூடாது. சரியா?" தாரிணி அந்த ஒரு டயருக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் ஊற்றுவாள். இருவரும் என்ன பேசிக்கொள்வார்களோ, மாடியில் இருந்து பார்த்தால் இரண்டு தலையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

அது ஒரு சனிக்கிழமை. ஷிப்மென்ட் அவசரம் என்று ஆபா வேலைக்குப் போயிருந்தார். கம்பெனி பஸ்ஸில் போவார். கார் வேப்பமரத்தடியில் நிற்கும். மதியம் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன், காக்கை எச்சம். பானட்டின் நடுவில், வைப்பருக்குச் சற்று முன்னால், உள்ளங்கை அகலத்துக்கு. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த இடத்துக்கு வெயில் வந்துவிடும். எச்சம் வெயிலில் காய்ந்தால் பெயின்டைத் தின்றுவிடும் என்று ஆபா பத்து முறையாவது சொல்லியிருக்கிறார்.

போன் செய்தேன். வேலை நேரத்தில் அவர்கள் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும். மணி அடித்து ஓய்ந்தது. என் கணவருக்கு அடித்தேன். "தொடாத, உனக்கு எதுக்கு?" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். பார்த்தும் பார்க்காமல் விட்டேன் என்று தெரிந்தால் ஆபா என்ன நினைப்பார்? தொட்டு ஏதாவது ஆகிவிட்டால்? இப்படியே அரை மணி நேரம் படியில் ஏறி இறங்கினேன். கடைசியில் உதவி செய்வதுதான் சரி என்று தீர்மானித்தேன்.

ஆம்பூரில் எந்த வீட்டிலும் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. என் கணவர் தான் வேலை செய்கிற தோல் கம்பெனியில் இருந்து கொண்டுவந்த ஆட்டுத்தோல் லைனிங் துண்டுகள் நிறைய இருந்தன. ஷூவின் உள்பக்கத்துக்குப் போடுகிற மெல்லிய தோல். கன்னத்தில் வைத்தால் பூ மாதிரி இருக்கும். அதில்தான் மூக்குக்கண்ணாடி துடைப்போம், டிவி துடைப்போம். கார் துடைக்கவே தனியாக ஒரு தோல் கடைகளில் விற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தோல் ஊரில் இருக்கிறோம், இதைவிட மெத்தென்று எது இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு போனேன். தாரிணி பக்கத்தில் தரையில் சாக்பீஸால் வீடு வரைந்துகொண்டிருந்தாள்.

எச்சம் பாதி காய்ந்திருந்தது. லேசாகத் தேய்த்தேன். போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். பாத்திரம் தேய்த்துப் பழகிய கை. அது வட்டமாகத்தான் போகும். போய்விட்டது. நிழலில் பளபளவென்று இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மேலே வந்தேன்.

மூன்று மணிக்கு வெயில் வந்தது. மாடியில் இருந்து எட்டிப் பார்த்தேன். பானட்டின் நடுவில் சிலந்திவலை. ஒன்றுக்குள் ஒன்றாக நூறு மெல்லிய வட்டங்கள், அதன் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு ஆழமான கீறல். கீழே ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஈரத்தில் மறைந்தது. காய்ந்ததும் திரும்ப வந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினேன். அந்த முட்டாள்தனத்தையும் செய்தேன். அதன்பின் எண்ணெயைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஐந்தரைக்கு ஆபா வந்தார். செருப்புச் சத்தம் கேட் பக்கம் வந்து, காருக்கு அருகில் நின்றது. நான் அடுப்படியில் கேஸை அணைத்தேன்.

"இன்னாம்மா, கீழ வா. பானட்டுக்கு இன்னா ஆச்சு?"

இறங்கி வந்தேன். தாரிணி இன்னும் அந்தச் சாக்பீஸ் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் வெளியே வந்தது வேறு.

"பாப்பா இங்கதான் விளையாடிட்டு இருந்தா ஆபா..."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் செய்தாள் என்று சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டேன். ஆபா என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், அவள் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தார்.  அடுத்து என்ன கேட்பாரோ என்று நான் முந்திக்கொண்டேன்.

"தாரிணி, ஆபாகிட்ட சாரி சொல்லு."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நான் சாரி சொல்லச் சொன்னால் சொல்வதற்கு அவளைப் பழக்கியிருந்தேன். எழுந்து நின்று, "சாரி ஆபா" என்றாள்.

"சரி" என்றார் ஆபா. உள்ளே போய்விட்டார்.

கெட்ட பெயர் வரவில்லை. வீடு போகவில்லை. குழந்தைதானே, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நான்கு நாளில் அவளும் மறந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவரிடமும், நான் எச்சத்தைத் தொடவில்லை, பாப்பா அங்கே விளையாடிக்கொண்டிருந்தாள் என்றே சொன்னேன். அவர் மகளைக் கூப்பிட்டு, "பெரியவங்க பொருளத் தொடலாமா?" என்று அரை மணி நேரம் புத்தி சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஆபா விட்டிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். அவர் விடவில்லை. யார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தினம் ஒரு "எப்படி". குழந்தை பள்ளிக்குப் போகும்போது, "சாக்பீஸால பண்ணியா பேட்டா?" என்பார்; பேட்டா என்றால் உருதுவில் பிள்ளை. மறுநாள், "சைக்கிள் பிரேக்கு பட்டுதா?" அதற்கு மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, "இது சாக்பீசும் இல்ல, சைக்கிளும் இல்ல. பேஜாரா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தாரிணி பதில் சொல்லாமல் என் புடவைக்குப் பின்னால் ஒளிவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு போவேன். ஒரு கீறலுக்கு ஒரு குழந்தையை இப்படியா விசாரிப்பார்கள்? எனக்குக் கோபம் முழுவதும் ஆபாவின் மேல்தான் வந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தாரிணி ஞாயிற்றுக்கிழமை கீழே போவதை நிறுத்தினாள். காரைத் தாண்டிப் போகும்போது சுவரை ஒட்டி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். மூன்றாவது வாரம் பள்ளியில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்டுல ரொம்பக் கண்டிப்பா இருக்கீங்களா மேடம்?"

"இல்லையே, ஏன்?"

"கிளாஸ்ல யாரு தண்ணிய கொட்னாலும் இவ எழுந்து சாரி சொல்றா. நீ பண்ணலியேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா."

வீட்டுக்கு எப்படி நடந்துவந்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குத் தாரிணியை எழுப்பி, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனேன். ஆபா பானட்டில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று பாதி ராத்திரி யோசித்துவைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"ஆபா, அது பாப்பா இல்ல. நான்தான் பண்ணேன்."

அவர் கை நிற்கவில்லை. "எதால?"

"காக்கா எச்சம் இருந்துச்சு. துடைச்சேன்."

"எதால தொடச்சேன்னு கேக்கறேன்."

"லைனிங் தோல்ல."

இப்போது நிமிர்ந்தார். "லைனிங் தோல்லயா? அல்லா! அத உப்புத்தாள் மிஷின்ல தேச்சுதான அனுப்பறாங்க? அந்தப் பொடி எல்லாம் அதுலதான் உக்காந்திருக்கும். முதல்ல தண்ணி ஊத்துனியா?"

"இல்ல."

"நேரா தொடச்சியா, வட்டமாவா?"

"வட்டமா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. சோப்பு காயுது, நவுரு." ஒரு மக் தண்ணீரை ஊற்றினார். "அதான பாத்தேன். அது தொடச்ச கீறலு. புள்ள எதுக்குத் தொடைக்கப்போவுதுன்னு அன்னைக்கே நெனச்சேன்."

 "அன்னைக்கேவா? தெரிஞ்சுமா மூணு வாரம் அவளப் போட்டு..."

"அவகிட்ட நான் எப்படின்னுதான் கேட்டேன். அவ 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்வா, நீ காதால கேப்பே, வாயத் தொறப்பேன்னு பாத்தேன். நீ தொறக்கல."

"ஒரு வார்த்த நீங்க சொல்லியிருக்கலாமே ஆபா!"

"இன்னான்னு? பெத்தவ சாரி சொல்லச் சொல்றா. நடுவுல பூந்து உங்கம்மா பொய் சொல்றான்னு நான் சொல்லவா?"

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் விளக்க முடியாது. அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் கீறலைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு குழந்தையின் முகத்தைப் படிக்கத் தெரியாதா? அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? நான் குந்தி உட்கார்ந்து தாரிணியின் தோளைப் பிடித்தேன்.

"கண்ணா, அந்தக் கீறல் நீ பண்ணல. அம்மாதான் பண்ணேன். சரியா?"

அவள் என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இல்லம்மா. நான்தான் பண்ணேன்."

"இல்லடா, நீ சாக்பீஸ் வெச்சு விளையாடிட்டு இருந்த. அம்மா துடைச்சேன், ஞாபகம் இல்ல?"

"நான்தான் பண்ணேன்" என்றாள் மறுபடியும், உதடு பிதுங்க. "நான் சாரி சொன்னேன்ல."

 ஆபா துணியை வாளிக்குள் போட்டார். ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து குழந்தையின் எதிரே நின்றார்.

"நீதான் பண்ணியா பேட்டா?"

"ம்."

"எப்படிப் பண்ணே? வந்து காட்டு."

"ஆபா, வேணாம்" என்றேன்.

"நீ சும்மா இரு. வா பேட்டா. இதுல கை வெக்கலாம், நான் சொல்றேன். வைப்பருக்கு முன்னால அந்த வட்டம் இருந்த எடம் தெரியும்ல, அதுல கை வெச்சுக் காட்டு."

மூன்று வாரத்தில் முதல் முறையாகத் தாரிணி காருக்கு அருகில் போனாள். பக்கவாட்டில் நின்று கையை நீட்டினாள். விரல் பானட்டின் ஓரத்தைத்தான் தொட்டது. குதிகாலைத் தூக்கினாள். வயிறு காரில் பதிய, கன்னம் சோப்பு நுரையில் பட, கையை முடிந்தவரை நீட்டினாள். கீறல் இருந்த இடம் அதற்கும் ஒரு முழம் தள்ளி இருந்தது.

"இன்னும்" என்றார் ஆபா.

இன்னும் நீட்டினாள். கால் வழுக்கிக் கீழே இறங்கினாள். தன் கையைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"எட்டல."

"எட்டல இல்ல?"

"எட்டல ஆபா."

அதன்பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அழுகை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம்.

"அப்ப ஏம்மா என்ன சாரி சொல்லச் சொன்ன?"

நான் ஆபாவைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் எந்த விஷயத்திலும் தலையிடாமல் இருந்ததில்லை அந்த மனுஷி. இப்போது பார்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு காரின் அந்தப் பக்கம் போய்விட்டார். டயரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"ஆபாகிட்டயா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஆமா."

 தாரிணி ஈரத் தரையில் கையை ஊன்றிக் குனிந்து, காருக்கு அடியில் அந்தப் பக்கம் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆபா, எங்கம்மாவ எதுவும் சொல்லாதீங்க."

 அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது, எப்போதும் போலச் சலிப்போடு.

"நீயே உங்கம்மாவக் கேட்டுட்டியே, அதுக்கு மேல நான் இன்னாடி சொல்லப்போறேன்?"